மொட்டை வேர்

பயறு ஆராய்ச்சிப் பண்ணையின் மேற்குச் சுவரை ஒட்டிய நான்கு தெருக்களில் ஏழு ஆண்டுகள் யாருக்கும் தலைமுடி வளரவில்லை. நகமும் வளரவில்லை. மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. குழந்தைகள் உயரமானார்கள், பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்தன, பெரியவர்களுக்கு வயிறு முன்னால் வந்தது, சிராய்த்த முழங்கால்கள் பொருக்குத் தட்டி ஆறின. காதுப் பக்கம் ஏற்றத்தாழ்வாக வெட்டப்பட்ட தலையோடு குடிவந்த வங்கி ஊழியர் ஒருவர் நான்கு ஆண்டுகள் அதே ஏற்றத்தாழ்வோடு வேலை பார்த்து, மாற்றலாகிப் போனார். மருத்துவமனையில் சிலரைப் பரிசோதித்து, ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தபிறகு, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருவதைப் போல இதையும் மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நஷ்டம் என்று பார்த்தால் அது பண்ணை வாசலுக்கு எதிர்முனையில் கடை வைத்திருந்த சலூன்காரருக்குத்தான். இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, மூலையில் ஒரு வானொலி. ஊரில் வேறு எங்கோ புதுக்கடை திறந்திருக்கிறார்கள், தன் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு அங்கே போய்த் தலையைக் கொடுக்கிறார்கள் என்றுதான் முதல் ஆண்டு முழுக்க அவர் நினைத்தார். சந்தேகம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கம்பத்துக்குப் பின்னால் நின்று போகிறவர் வருகிறவர் பிடரியையெல்லாம் பார்த்தார். எல்லாம் அவர் வெட்டிய பிடரி. ஆறு மாதத்துக்கு முன் அவர் கத்தரி போட்ட கோடு நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. தொழில் சுத்தம் என்று பெருமைப்படுவதா, வயிற்றில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவிக்கு எதிரே இருந்த பண்ணையில்தான் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் சோயாக்கா. சோயாச் செடிகளுக்குக் கல்யாணம் பண்ணிவைப்பதுதான் அவளுக்கு உத்தியோகம் என்று சலூன்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அந்த விளக்கத்தில் தவறில்லை, ஆனால் போதாது. சோயாப் பூ அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. மலர்வதற்கு முன்பே கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத் தானே கருவுற்றுவிடும். ஆகவே கலப்புச் செய்கிறவர், மறுநாள் மலரப்போகும் மொட்டை முந்தின நாளே பிரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். அப்படித் தடவிய பத்து மொட்டில் ஒன்பது உதிர்ந்துவிடும். மிச்சம் ஒன்றில் காய் பிடித்தால் இரண்டு விதையோ மூன்று விதையோ கிடைக்கும். அதை நட்டு, அதன் விதையை எடுத்து நட்டு, மறுபடியும் நட்டு, ஐந்தாறு தலைமுறை போனால்தான் அது ஒரு நிலையான வரிசை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொறுமை சோயாக்காவுக்குப் பிறவியிலேயே இருந்தது. கல்யாணமான புதிதில் கணவர் வாங்கிவந்த திரைப்பட அனுமதிச்சீட்டைப் பூக்காலம் முடியட்டும் என்று சொல்லி அலமாரியில் வைத்தவர், அந்தத் திரையரங்கம் கிடங்காக மாறியபிறகுதான் அதை எடுத்துப் பார்த்தார்.

அவர் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே விஷயம். விதைக்குள் இருக்கும் புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். அது காற்றில் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. சோயா வேரில் மிளகு அளவில் முடிச்சுகள் உண்டு, அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் காற்றிலிருந்து எடுத்துச் செடிக்குக் கொடுக்கும். மிச்சத்தை மண் கொடுக்கும். விதை முற்றும் காலத்தில் இலைகள் தங்களிடம் இருப்பதை எல்லாம் விதைக்கு அனுப்பிவிட்டு மஞ்சளாகி உதிரும். இதில் முடிச்சின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு, இலை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், முடிச்சே பிடிக்காத ஒரு செடி வேண்டும். அப்படி ஒரு வகை பண்ணையில் இருந்தது. உரம் போடாவிட்டால் சோகை பிடித்து நிற்கும். களையெடுக்கும் பெண்கள் அதை மொட்டை வேர் என்பார்கள். அதைத் தாயாகவும், புரதம் மிகுந்த இன்னொரு வகையைத் தந்தையாகவும் வைத்துச் சோயாக்கா கலப்பைத் தொடங்கினார்.

கலப்புச் செய்கிறவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. பூவுக்குள் இடுக்கியைத் தவிர எதுவும் போகக்கூடாது, அதையும் ஒவ்வொரு பூவுக்கும் எரிசாராயத்தில் நனைத்துத் துடைக்க வேண்டும். ஒரு காலையில் சோயாக்காவின் இடுக்கி கீழே விழுந்து நுனி வளைந்துவிட்டது. பண்டகசாலை திறக்க நேரமாகும், மொட்டு காத்திருக்காது. வலது கட்டைவிரல் நகம் கொஞ்சம் நீளமாக இருந்ததால் அதனாலேயே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தார். நகத்தின் ஓரத்தில் ஒரு துணுக்கு ஒடிந்து பூவுக்குள் விழுந்தது. அதை எடுக்க இடுக்கி வேண்டும், இடுக்கியோ வளைந்திருந்தது. பூ அதை வெளியே தள்ளவில்லை. மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். அன்று செய்ததில் காய் பிடித்தது அந்த ஒன்றுதான்.

மூன்று ஆண்டுகளில், பசுமைக்குடிலையும் வயலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஆறாம் தலைமுறைக்கு வந்துவிட்டார். உரமிடாத பாத்தியில் முடிச்சில்லாத சந்ததி எல்லாம் எதிர்பார்த்தபடியே வெளிறி நின்றன. ஒரு வரிசை மட்டும் கருகருவென்று இருந்தது. தவறுதலாக முடிச்சுள்ள விதை கலந்திருக்கும் என்று பிடுங்கிப் பார்த்தார். வேர் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. விதையை அளவுக் கருவியில் போட்டபோது அதுவரை அந்தப் பண்ணையில் யாரும் பார்க்காத புரத அளவைக் காட்டியது. கருவியைப் பழுது பார்த்து மறுபடியும் போட்டார். வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதே அளவுதான் வந்தது. புரதம் ஏறினால் விளைச்சல் இறங்கும் என்பது பயிர் வளர்ப்பவர்களுக்குப் பாலபாடம். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறின. பாத்தி மண்ணை விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் சோதித்தால் நைட்ரஜன் ஒரு துளி குறையவில்லை. மழையில் வந்தது, பனியில் வந்தது, தூசியில் வந்தது, குருவி எச்சத்தில் வந்தது எல்லாவற்றையும் கூட்டினாலும் விதையில் இருந்ததில் கால்வாசி வரவில்லை. விதையைப் பெருக்குவதற்காக வயலிலும் குடிலிலும் இடைவெளி இல்லாமல் அந்த வரிசையைப் பயிரிடத் தொடங்கிய ஆண்டில்தான் எதிரே நான்கு தெருக்களில் முடி நின்றது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பண்ணையின் இயக்குநருக்கும் ஆரம்பத்திலிருந்தே தலைச்சாயம் போடும் தேவை இல்லாமல் போயிருந்தது, அதை அவர் ஒரு நல்ல சாயத்தின் குணமாகவே கருதினார்.

மொட்டை என்றே பெயர் நிலைத்துவிட்ட அந்த வரிசை ரகமாக வெளிவர வேண்டுமானால், எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்த வெளித்தளத்திலும் தேற வேண்டும். வெளித்தளம் என்பது நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய வெற்று நிலம். சுற்றிலும் முள்கம்பி, ஒரு பூட்டிய அறை, வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து பார்க்கும் காவலர். அங்கே மொட்டை முழங்கால் உயரம்கூட வரவில்லை. வெளிறி, சூம்பிய காய்களோடு நின்றது. அடுத்த ஆண்டும் அதே கதை. இன்னும் ஒரு பருவம் பார்ப்போம், அதிலும் தேறாவிட்டால் விதையைக் குளிர் அறையிலிருந்து எடுத்து எரித்துவிடலாம், பிற வேலைக்கு இடம் வேண்டும் என்று ரகத் தேர்வுக் குழு முடிவு செய்தது. பத்து ஆண்டு வேலை. சோயாக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேசையில் அவருடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள். சலூன்காரரின் தங்கை, கைபேசிக் கடையில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடுங்காய்ச்சலில் முடி கொட்டி, மிச்சத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளில் இருந்த அளவுக்கு மேல் ஒரு விரல்கடை வளரவில்லை.

"ஏன் அண்ணி, உங்க செடி மட்டும் அப்படிக் கருகருன்னு இருக்கே, அதுக்கு என்னதான் போடுறீங்க?" என்றாள். "அதுல கொஞ்சம் எடுத்து என் தலையிலயும் தடவி விடுங்களேன். அண்ணன் கடையைப் பார்த்தாலும் பாவமா இருக்கு."

சோயாக்கா நாத்தனாரின் தலையைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒடிந்த நகத்தின் ஓரம் ஒடிந்தபடியே இருந்தது, தெருவுக்கு முன்பே அவருக்கு நின்றிருக்கிறது. கடைசியாக எப்போது நகம் வெட்டினோம் என்று பொதுவாக யாருக்கும் நினைவிருப்பதில்லை. அவருக்கும் இல்லை. முடியும் நகமும் புரதம்தான், புரதம் என்றால் உள்ளே நைட்ரஜன். இது பள்ளிப் புத்தகத்தில் இருப்பது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பண்ணைக்குத் திரும்பிப் போனார்.

ஆய்வகத்தில் எப்போதோ முடிந்துபோன ஒரு திட்டத்தின் மிச்சமாக, எடை கூடிய நைட்ரஜன் ஒரு சிறு புட்டியில் இருந்தது. சாதாரண நைட்ரஜனைப் போலவே எல்லா வேலையும் செய்யும், கொஞ்சம் கனம் அதிகம், ஆகவே எங்கே போனாலும் கருவியில் காட்டிக்கொடுத்துவிடும். சோயாக்கா அதைத் தொட்டியில் கலந்து, பண்ணையின் மறுகோடியில் சாதாரணச் சோயாவை வளர்த்தார். விளைந்ததை அவித்துத் தினமும் கணவருக்கு மட்டும் வைத்தார். பண்ணைக்குள் ஒருபோதும் காலடி வைக்காதவர் அவர் என்பதால் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. வீட்டுக் கழிவுநீர் பண்ணைக்கு எதிர்த்திசையில்தான் ஓடுகிறது என்பதையும் போய்ப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, மாட்டுக்கு வைக்கிறதை எனக்கு வைக்கிற?"

"மாட்டுக்கு வெச்சா அது சலூனுக்குப் போகாதுங்க. பேசாம சாப்பிடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"காய் முத்தற வரைக்கும்."

"யாரோட காய்?"

சோயாக்கா இன்னொரு கரண்டி வைத்தார். நாத்தனார் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தாள்.

அறுவடையான மொட்டை விதையில் எடை கூடிய நைட்ரஜன் இருந்தது. பக்கத்து வரிசையில், ஒரு சாண் தள்ளி நின்ற செடிகளில், துளியும் இல்லை. சோயாக்கா நேராகச் சலூனுக்குப் போனார். கணவர் காலி நாற்காலியில் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விதைக்குள் இருப்பது உங்கள் முடி, உங்கள் தங்கை முடி, இந்த நாலு தெரு முடி என்று சொன்னபோது அவர் எதிர்க் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். ஆள் இல்லாத வெளித்தளத்தில் அது ஏன் பட்டினி கிடந்தது என்பதையும் சோயாக்கா சொன்னார்.

"முன்னாடியே கேட்டிருந்தா, வெட்டின முடியை மூட்டை கட்டிக் கொடுத்திருப்பேனே. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகட்டும், எங்க பொழப்பை விட்டிருக்கலாம்ல."

இந்த யோசனை சோயாக்காவுக்கும் வந்திருந்தது. பக்கத்து ஊர்ச் சலூன்களிலிருந்து மூன்று சாக்கு முடி வாங்கி ஒரு பாத்தியில் புதைத்துப் பார்த்தார். செடி அதைச் சீந்தவில்லை. வளர்ந்த முடி அதற்கு வேண்டியிருக்கவில்லை. வளரப்போகும் முடிதான் வேண்டியிருந்தது. மருத்துவரை அழைத்து வந்து தெருவாசிகள் பலரை மறுபடியும் பார்க்கச் சொன்னதில், தசையிலோ ரத்தத்திலோ எலும்பிலோ அது கைவைக்கவில்லை என்பதும் உறுதியாயிற்று. எடுப்பதில் ஒரு நாகரிகம் வைத்திருந்தது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்கும்போதே அவருடைய கை தலைக்குப் போய்வந்தது. வெளித்தளத்தில் ஆட்களைக் கொண்டுபோய் வைத்தால் அது உரமிட்டதாக ஆகாதா, முறைகேடு என்று குழு சொல்லாதா என்று கேட்டார்.

"மழை பெய்ஞ்சா அதை உரம்னு எழுதுவோமா சார்? அந்த இடத்துல என்ன இருக்கோ அதானே தளம். ஆள் இருக்கற இடத்துல ஒரு பாத்தி, ஆள் இல்லாத கோடியில ஒரு பாத்தி. ரெண்டையும் காட்டுவோம். ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

இயக்குநர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த நிலத்தில் போய்க் குடியிருக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கப் பண்ணைக்கு வழியில்லை என்றார். இருந்த விதை முழுவதும் வெளித்தளத்துக்கே வேண்டும், அந்தப் பருவம் இங்கே வயலும் குடிலும் தரிசாகக் கிடக்கட்டும் என்றும் முடிவாயிற்று. சோயாக்கா விடுப்புப் போட்டுத் தானே போவதாக இருந்தார். கணவர் அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய், ஒரு சுழல் நாற்காலியை அடியோடு கழற்றி, கயிறு கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"நீ போனா ஒரு தலை. நான் போனா கடையும் சேர்ந்து போகும். அந்தப் பக்கம் லாரி போகுதில்ல?" என்றார்.

"அண்ணே, உன் தலையில இருக்கறதை நம்பி ஒரு செடிகூடப் பொழைக்காது" என்றாள் தங்கை.

"தாடி இருக்கு. மீசை இருக்கு. கையிலயும் கால்லயும் சேர்த்து இருபது நகம் இருக்கு. அண்ணனைக் குறைச்சு எடை போடாத."

முள்கம்பிக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி, நாலு கழியும் ஒரு தார்ப்பாயும் வைத்துச் சலூன்காரர் கடை போட்டார். கடைக்குப் பின்னால் இருபதடியில் மொட்டைப் பாத்தி. இன்னொரு பாத்தி நிலத்தின் மறுகோடியில், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். விதை முளைத்து மூன்று இலை விடும்வரை அவர் ஒருவர்தான் இருந்தார், செடியும் அதற்கேற்றபடிதான் இருந்தது. முதல் லாரி ஓட்டுநர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தபோது அவர் கத்தியை எடுக்காமல் விஷயத்தை முதலில் சொன்னார். இங்கே உட்கார்ந்து எழுந்தால் கொஞ்ச நாளைக்கு முடி வளராது, அதைப் பின்னால் இருக்கும் செடி எடுத்துக்கொள்ளும், சம்மதம் என்றால் உட்காருங்கள். ஓட்டுநர் செடியை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள் வளராது?"

"ஆளைப் பொறுத்து. ஒரு வாரம் இருக்கலாம்."

"ஒரு வாரமா? வீட்டுக்குப் போய்ச் சேர எனக்கு ஆறு நாள் ஆகும். போய் இறங்கும்போது என் பொண்டாட்டி, எங்கடா இவன் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கறான்னு பார்க்கணும். ஆரம்பிங்க."

ஏழு ஆண்டு ஒரே இடத்தில் இருந்தவர்களிடம் நஷ்டமாக இருந்தது, போகிறவர் வருகிறவரிடம் புகழாயிற்று. அந்தத் தார்ப்பாய்க் கடையில் ஒருமுறை சவரம் செய்தால் ஒரு வாரம் தாங்குகிறது என்ற செய்தி சாலையோடு இரண்டு பக்கமும் ஓடியது. லாரிகள் வரிசையாக நின்றன. காத்திருந்தவர்கள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். சிலர் களை பிடுங்கிப் போட்டார்கள். செடி இடுப்பளவு வந்து, இலை கருத்து, கணுவுக்குக் கணு ஊதாப்பூ விட்டது. மறுகோடிப் பாத்தி வெளிறிக் கிடந்தது. சோயாக்கா மாதம் ஒருமுறை வந்து இரண்டையும் அளந்துகொண்டு, கணவருக்குச் சட்டை துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனார்.

இதற்கிடையில் ஊரில், ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, பண்ணை தரிசாகக் கிடந்தது. நான்கு தெருக்களிலும், பழைய பாக்கியையும் சேர்த்துத் தீர்ப்பதுபோல், முடி விறுவிறுவென்று வளர்ந்தது. முதல் மாதம் எல்லாரும் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்தார்கள். இரண்டாம் மாதம் காது மறைந்தது. நகவெட்டி தேடினார்கள், எந்த வீட்டிலும் இல்லை. இயக்குநருடைய தலையின் அடிப்பாகம் வெள்ளையாகவும் நுனி கறுப்பாகவும் ஆனதில் அவர் தொப்பி அணிந்து அலுவலகம் வரத் தொடங்கினார். வெட்டுவதற்கு ஆள் இல்லை. எதிர்முனைக் கடை பூட்டிக் கிடந்தது. பூட்டுக்கு முன்னால் ஆட்கள் வந்து வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு ஒருவர் அந்தத் தெருவில் கடைக்கு இடம் பார்ப்பதாகவும் பேச்சு வந்தது. நாத்தனார் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"அண்ணே, இங்க ஒவ்வொருத்தன் தலையும் காடா கிடக்கு. நீ ஏழு வருஷமா ஈ ஓட்டினதுக்கு இப்பதான் காலம் வந்திருக்கு. ஒரு வாரம் வந்துட்டுப் போ. வேற எவனாவது கடை போட்டுட்டா அப்புறம் உன் பாடு திண்டாட்டம்."

மறுமுனையில் சவரக் கத்தியைத் தோலில் தீட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"காய் இப்பதான் பால் பிடிக்குது. இப்ப ஆள் இல்லாம போனா சூம்பிடும்."

"யாரு சொன்னா, அண்ணியா?"

"யாரும் சொல்லல. தினம் பார்க்கறேன்ல. இந்த நேரத்துல விட்டுட்டு வர முடியாது. உன் தலை எப்படி இருக்கு?"

"தோள் வரைக்கும் வந்திருக்கு."

"பத்திரமா வெச்சுக்க. நான் வந்துதான் நுனி வெட்டுவேன்."

தங்கை இதை அண்ணியிடம் சொன்னபோது சோயாக்கா குளிர் அறையில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய உறைகளைக் கலைத்து மறுபடியும் முதலிலிருந்து அடுக்கினார்.

ரகத் தேர்வுக் குழு இலைகள் மஞ்சளாகும் வாரத்தில் வந்தது. ஐந்து பேர், தலைவி ஒரு மெலிந்த அம்மாள், அதிகம் பேசாதவர். சாலையோர விடுதியில் தங்கி, இரண்டு பாத்திகளையும் நடந்து பார்த்தார்கள். வேரைப் பிடுங்கிக் கழுவினார்கள். காயை உடைத்து விதையைக் கடித்தார்கள். தலைவி, இந்தப் பாத்திக்கு என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார்.

"உரம் இல்லைங்க. ஆள்" என்றார் சோயாக்கா.

"எத்தனை ஆள்?"

"நிக்கற லாரியைப் பொறுத்துங்க."

குழுவில் ஒருவர், இதை எழுத்தில் எழுதினால் நம்மைப் பைத்தியக்காரர்கள் என்பார்கள் என்றார். எடை கூடிய நைட்ரஜன் கணக்கை எடுத்துக்காட்டியும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முதல் நாள் வந்து இறங்கியதும் தார்ப்பாய்க் கடையில் முகச்சவரம் செய்துகொண்டவர் அவர்தான். கடைசி நாள் காலையில் விடுதிக் கண்ணாடிக்கு முன் நுரையைக் குழைத்துவைத்துக்கொண்டு கன்னத்தைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழே தடவினார், கீழிருந்து மேலே தடவினார். பிறகு நுரையைக் கழுவிவிட்டு, கீழே இறங்கிவந்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். தலைவி கடைசியாகப் போட்டார். போடுவதற்கு முன் சலூன்காரரைக் கூப்பிட்டு, இந்த ஓட்டுநர்களிடம் விஷயத்தைச் சொல்லித்தான் செய்தீர்களா என்று மட்டும் விசாரித்தார். சொல்லாமல் ஒருவர் தாடையில்கூடக் கத்தி வைக்கவில்லை என்றார் அவர். அப்படியானால் இதை வாங்கி விதைக்கிறவர்களும் அப்படியே செய்யட்டும் என்றார் தலைவி.

இலை முழுவதும் உதிர்ந்து காய் காய்ந்து கலகலத்த நாளில் செடிக்குத் தேவை முடிந்தது. சலூன்காரருக்கு அன்று மாலையே மேலுதடு குறுகுறுத்தது. மூட்டைகளை ஏற்ற வண்டி கிடைப்பதற்குள் காதுக்கு மேல் முடி புரள ஆரம்பித்தது. தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள அவருக்குத் தெரியாது, எந்தச் சலூன்காரருக்கும் தெரியாது. சோயாக்கா கத்தரியை வாங்கினார். கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, பாத்தியில் செடி எண்ணுகிறவரைப் போல நெற்றியில் ஆரம்பித்து வரிசை வரிசையாகப் பிடரி வரை வெட்டிக்கொண்டு போனார். முழு மதியம் ஆயிற்று. வேலை முடிந்ததும் சலூன்காரர் இரண்டாவது கண்ணாடியைப் பின்னால் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். தலை நெடுகச் சீரான இடைவெளியில் பார் பிடித்திருந்தது.

"தண்ணி பாய்ச்ச வேண்டியதுதான் பாக்கி" என்றார். அந்தத் தலையோடுதான் ஊருக்கு வந்தார்.

வந்து இறங்கியபோது எதிர்முனைக் கடை வாசலில் நான்கு தெருவும் வரிசையில் நின்றது. ஒட்டிக்கு இரட்டியாக வெட்டித் தள்ளினார். தங்கைக்கு நுனி வெட்டிவிட்டார். அவள் தோளில் புரண்ட முடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இது போதும் அண்ணி, இனிமே நீங்க விதைக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் பண்ணையில் மொட்டை விதைத்தார்கள். இயக்குநர் அதற்கு முந்தின நாள் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். குடிலில் இடைவிடாமல் பயிர் வைக்கும் அவசரம் இனி இல்லை என்பதால், முளைப்பிலிருந்து காய் காய்வது வரை தெருவில் முடி நிற்கும், அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே வளரும். அந்த நாட்களில் சலூன்காரர் சாப்பிடக்கூட நேரமில்லாமல் வெட்டுவார். மற்ற நாட்களில் வண்டி ஏறி, எந்த ஊரில் மொட்டை புதிதாகப் போட்டிருக்கிறார்களோ அந்த ஊர் நெடுஞ்சாலையில் கடை விரிப்பார்.

ரகம் இப்போது பல இடங்களில் பயிராகிறது. பெரும் பண்ணைகளுக்கு ஒத்துவரவில்லை, வீடுகள் நெருங்கிய இடங்களில் கொல்லைப்புறத்திலும் பள்ளிக்கூட மைதான ஓரத்திலும் நன்றாக வருகிறது. பிரசவ மருத்துவமனைகளைச் சுற்றி விதைப்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. விதை, ஐந்து கிலோ காகிதப் பையில் கிடைக்கும். பையின் பின்பக்கம் விதைப்பு ஆழம், வரிசைக்கு வரிசை இடைவெளி, முதல் களை எடுக்க வேண்டிய நாள் எல்லாம் அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே, அதே எழுத்தளவில், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு, முடி வெட்டிக்கொண்டு விதைக்கவும் என்று ஒரு வரி இருக்கும். வாங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நேராகச் சலூனுக்குப் போகிறார்கள்.